எந்திரத்துக்கு நன்றி சொல்லணுமா?

எங்க அண்ணனுக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. 1987ல் அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் பவர் பிரஸ்ஸில் போனது. அப்போது அவனுக்கு வயது 20. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் அண்ணன் போட்ட கையெழுத்து அது. கோழி கிறுக்கின மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "கையே போயிருக்க வேண்டியது, ரெண்டு வெரலோட போச்சு. எல்லாம் நன்மைக்குத்தான்னு நெனச்சுக்கோ." அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அம்மா வந்தவர்களுக்கு டீ கொடுத்தாள்.

ஆறு வருஷம் கழித்து நான் சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தேன. பக்கத்து அறை நண்பன் ஒரு கேசட் போட்டான். கனமான, மெதுவான, தரையோடு இழுத்துக்கொண்டு வருகிற மாதிரியான கிதார். பிளாக் சபாத் என்றான். "இத வாசிக்கிற டோனி அயோமிக்கும் உங்கண்ணன் மாதிரிதான்டா. ரெண்டு வெரல் நுனி கெடையாது. ஃபேக்டரி மெஷின்ல போச்சு. அந்த மெஷினுக்கு நாமெல்லாம் கோயில் கட்டிக் கும்பிடணும். அது மட்டும் வெட்டலன்னா ஹெவி மெட்டலே இல்ல." அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது. 2025 ஜூலை 5ஆம் தேதி பர்மிங்ஹாம் நகரில், தாங்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே இருக்கிற வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், பிளாக் சபாத்தின் பழைய நால்வரும் கடைசித் தடவையாகச் சேர்ந்து வாசித்தார்கள். 17 நாள் கழித்துப் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் இறந்துபோனார். அதையொட்டி வந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டு போனால் அதே வாசகம் திரும்பவும் வருகிறது. அந்த எந்திரம் இல்லாவிட்டால் இந்த இசை இல்லை. விடுதி அறையில் சிரித்தபடி கேட்டதை இப்போது தத்துவம் மாதிரி எழுதுகிறார்கள். இது உண்மைதானா? உண்மை என்றால் எந்த அளவுக்கு? அந்த உண்மையிலிருந்து நன்றி எப்படிப் பிறக்கிறது?

முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

டோனி அயோமி 1948 பிப்ரவரி 19ல் பர்மிங்ஹாமில் பிறந்தவர். இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய வழியினர். அப்பா அம்மா ஆஸ்டனில் சின்னதாகக் கடை வைத்திருந்தார்கள். பர்மிங்ஹாம் அப்போது இரும்பும் தகடும் பட்டறையும் நிறைந்த ஊர். பள்ளிக்கூடம் முடிந்தால் பையன்கள் பட்டறைக்குப் போவார்கள். அயோமியும் போனார். தகடு வேலை செய்கிற தொழிற்சாலை. அவருக்குக் கொடுத்திருந்தது வெல்டிங் வேலை. சாயங்காலத்தில் கிதார். இடதுகைப் பழக்கக்காரர் என்பதால் கம்பியை அழுத்துவது வலது கை, மீட்டுவது இடது கை.

1965ல், 17 வயதில், ஜெர்மனிக்குப் போய் வாசிக்க ஒரு குழுவோடு வாய்ப்பு வந்தது. வேலையை விட்டுவிட்டார். அன்றைக்குத்தான் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனசில்லை. இன்னும் அரை நாள்தானே, போகாவிட்டால் என்ன என்றார். எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார். அன்று பிரஸ்ஸில் தகடு போடுகிற ஆள் வேலைக்கு வரவில்லை. அந்த இடத்தில் அயோமியை நிறுத்தினார்கள். அவருக்குப் பழக்கமில்லாத எந்திரம். வலது கை உள்ளே இருக்கும்போது அது இறங்கியது. பதறிப்போய்க் கையை வெடுக்கென்று இழுத்தார். நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் எந்திரத்தோடு போயின. கம்பியை அழுத்துகிற கை. இனி வாசிக்க முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

வீட்டில் சோர்ந்து கிடந்தவரைப் பார்க்க அந்தத் தொழிற்சாலை ஃபோர்மேன் வந்தார். கையில் ஒரு இசைத்தட்டு. கேள் என்றார். அயோமிக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. இருந்தாலும் கேட்டார். நன்றாக வாசிக்கிறான் என்று சொன்ன பிறகுதான் ஃபோர்மேன் விஷயத்தைச் சொன்னார். இந்த ஆள் இரண்டே விரலில்தான் வாசிக்கிறான், கை வெந்துபோனவன் என்று.

அந்த ஆள் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1910ல் பெல்ஜியத்தில் பிறந்தவர். ஊர் ஊராக வண்டியில் போய்ப் பிழைக்கிற ரோமா மக்களில் ஒருவர். 'ஜிப்ஸி' என்று ஊர்க்காரர்கள் வைத்த பெயரால் ஐரோப்பா முழுக்கத் திட்டு வாங்கிய சனம். நாஜிகள் லட்சக்கணக்கில் கொன்றார்களே, அந்த சனம். 1928ல் பாரிஸ் ஓரத்தில் அவருடைய வண்டிவீடு தீப்பிடித்தது. மனைவி விற்பதற்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்களில் மெழுகுவத்தி நெருப்பு பட்டதுதான் காரணம். இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் வெந்து மடங்கிப்போயின. காலையும் எடுத்துவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது மறுத்துவிட்டார். தம்பி ஜோசப் கிதார் கொண்டுவந்து கொடுத்தான். மிச்சமிருந்த விரல்களை வைத்துப் புதிதாக வாசிக்கக் கற்றுக்கொண்டார். 1934ல் ஸ்டீபான் கிராப்பெல்லி என்ற வயலின்காரரோடு சேர்ந்து பாரிஸில் அமைத்த ஐவர் குழு ஜாஸ் இசையில் ஐரோப்பாவுக்கென்று ஒரு குரலைக் கொடுத்தது. 1953ல் இறந்துபோனார். இறந்து 12 வருஷம் கழித்து அவருடைய இசைத்தட்டு ஒன்று பர்மிங்ஹாமில் ஒரு தொழிலாளிப் பையன் வீட்டுக்குள் வந்தது.

அதன் பிறகு அயோமி செய்ததெல்லாம் வேலை. பட்டறைக்காரனின் வேலை. பாத்திரம் கழுவும் திரவம் வருகிற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கினார். சூடான கம்பியால் துளைபோட்டு விரல் நுழைகிற அளவுக்குக் குடைந்தார். உப்புக்காகிதத்தால் தேய்த்துத் தேய்த்து விரல்நுனி வடிவத்துக்குக் கொண்டுவந்தார். வெறும் பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கியது. பழைய தோல் சட்டையிலிருந்து துண்டு வெட்டி மேலே ஒட்டினார். தையற்காரர் விரலில் மாட்டுகிற கூடு மாதிரி இரண்டு கூடு தயாரானது. ஆனால் அந்தக் கூட்டுக்கு உணர்ச்சி இல்லை. கம்பி எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பது விரலுக்குத் தெரியாது. காதுதான் சொல்ல வேண்டும்.

அன்றைக்குக் கடையில் கிடைத்த கிதார் கம்பிகள் தடிமனானவை, அழுத்தினால் வலி உயிர்போகும். மெல்லிய பாஞ்சோக் கம்பிகளை வாங்கிக் கிதாரில் மாட்டிப் பார்த்தார். விரலை அகல விரிக்கிற சுரக்கூட்டுகள் சில அவருக்கு முடியாமல் போயின. இரண்டு மூன்று சுரத்தை வைத்தே முழுசாக ஒலிக்கிற வழியைத் தேடினார். பிறகு சுருதியையே இறக்கினார். 1971ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சில பாட்டுகள் வழக்கத்தை விட ஒன்றரைக் கட்டை கீழே. சுருதி இறங்கினால் கம்பி தளரும், விரலுக்கு நோவு குறையும். ஒலியும் கனத்துப்போகும். உலகம் முழுக்க இன்றைக்கு ஹெவி மெட்டல் வாசிக்கிறவர்கள் சுருதியை இறக்கிக்கொள்கிறார்களே, அதில் ஒரு பங்கு இந்தக் கையின் நோவிலிருந்து வந்தது. இதை நான் மறுக்கவில்லை.

1968ல் ஆஸ்டன் பையன்கள் நான்கு பேர் சேர்ந்தார்கள். ஓஸி ஆஸ்போர்ன் கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர், திருட்டு வழக்கில் அபராதம் கட்டப் பணமில்லாமல் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். கீசர் பட்லர் பேஸ் கிதார், பில் வார்ட் டிரம்ஸ். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையைத்தான் முதலில் வாசித்தார்கள். அந்த வருஷக் கடைசியில் ஜெத்ரோ டல் என்ற பெயர்பெற்ற குழு அயோமியை அழைத்துக்கொண்டது. சில நாளிலேயே திரும்பி வந்துவிட்டார். வரும்போது ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தார். அவர்கள் காலையில் நேரத்துக்கு வந்து வேலைக்கு உட்கார்ந்தார்கள். நாமும் ஒன்பது மணிக்கு ஒத்திகைக்கு வரவேண்டும் என்று தன் ஆட்களிடம் சொன்னார்.

முதல் ஆல்பத்தை 1969ல் ஒரே நாளில் பதிவுசெய்தார்கள். 1970 பிப்ரவரி 13ல் வெளிவந்தது. விமர்சகர்கள் கேவலமாக எழுதினார்கள். சனங்கள் வாங்கினார்கள். அதே வருஷம் வந்த இரண்டாவது ஆல்பம் 'பாரனாய்ட்' பிரிட்டிஷ் பட்டியலில் முதல் இடத்துக்குப் போனது. போரை மூட்டிவிட்டு ஏழைகளைச் சாகவிடுகிற பெரிய மனிதர்களைக் காறித் துப்புகிற பாட்டு அதில் இருக்கிறது. எழுதியவர் பட்லர். குழுவில் ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தபோது எல்லா வருஷமும் விடாமல் இருந்தவர் அயோமி மட்டும்தான். 2012ல் அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவிலேயே வாசித்து 2013ல் '13' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார். 43 வருஷம் கழித்துத் திரும்பவும் முதல் இடம்.

இதுதான் வாழ்க்கை. இனி கேள்விக்கு வருவோம்.

'எந்திரம் வெட்டாவிட்டால் இந்த இசை இல்லை' என்பதை ஒரு பேச்சுக்கு அப்படியே ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் இதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அம்மா அன்று திருப்பி அனுப்பாவிட்டால் இசை இல்லை. பிரஸ் ஆள் வேலைக்கு வந்திருந்தால் இசை இல்லை. ஃபோர்மேன் இசைத்தட்டைத் தூக்கிக்கொண்டு வராவிட்டால் இல்லை. ஜாங்கோ இல்லாவிட்டால் இல்லை, ஜாங்கோவுக்குத் தம்பி இல்லாவிட்டால் இல்லை, மெல்லிய பாஞ்சோக் கம்பி கடையில் கிடைக்காவிட்டால் இல்லை. இத்தனை 'இல்லாவிட்டால்' இருக்கும்போது நன்றி சொல்ல மட்டும் எல்லோரும் ஏன் எந்திரத்திடமே ஓடுகிறார்கள்? வேலைக்கு வராத அந்த ஆளுக்கு யாரும் நன்றி சொல்வதில்லையே. எந்திரத்தைக் கும்பிட்டால் வசதி ஒன்று இருக்கிறது. எந்திரத்துக்குப் பின்னால் நிற்கிறவனைப் பார்க்க வேண்டியதில்லை.

ஒன்று நடந்ததற்குப் பின்னால் இன்னொன்று வந்தது என்பது வேறு. ஆகவே முதலாவது நடந்ததும் நல்லதுதான் என்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை 'எல்லாம் நன்மைக்கே' என்ற ஒரு பலகையைப் போட்டுத் தாண்டிவிடுகிறோம். நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்த கதை இது. ராஜாவுக்கு விரல் வெட்டுப்பட்டது. மந்திரி எல்லாம் நன்மைக்கே என்றான். ராஜா கோபப்பட்டு அவனைச் சிறையில் போட்டான். வேட்டைக்குப் போன இடத்தில் காட்டுவாசிகள் ராஜாவைப் பலிகொடுக்கப் பிடித்தார்கள், விரல் குறைந்தவன் என்று விட்டுவிட்டார்கள். ராஜா ஓடிவந்து மந்திரி காலில் விழாத குறை. கதையில் காட்டுவாசி எப்போதும் நரபலி கொடுப்பவனாகவே வருவான், அதைத் தனியாகப் பேசுவோம். நான் பார்ப்பது வேறு. இந்தக் கதையைப் பிழைத்து வந்த ராஜாவின் வாயால்தான் கேட்கிறோம். விரலும் போய், பிழைக்கவும் முடியாதவனுக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. விரல் என்றதும் ஏகலைவன் ஞாபகம் வரும். அங்கே கேட்டாவது வாங்கினார்கள். பட்டறையில் கேட்பதுகூட இல்லை.

பர்மிங்ஹாமில் எந்திரத்துக்கு விரல் கொடுத்தவர் அயோமி ஒருவர் மட்டுமில்லை. மற்றவர்கள் பெயர் எந்த இசைத்தட்டு உறையிலும் இல்லை. காயம்தான் கலையைக் கொடுக்கும் என்றால் அந்த ஊரின் ஒவ்வொரு தெருவிலும் ஒரு அயோமி இருந்திருக்க வேண்டும். அம்பத்தூரிலும் இருந்திருக்க வேண்டும். வெட்டு எல்லாருக்கும் ஒரே வெட்டுதான். வித்தியாசம் வெட்டுக்குப் பிறகு வருகிறது. வீட்டில் ஏற்கெனவே ஒரு கிதார் இருந்தது. ஒரு ஃபோர்மேன் வந்தார். முன்னால் நடந்துபோன ஒருவனின் தடம் இருந்தது, அதுவும் ஊர் உலகம் ஒதுக்கிவைத்த சனத்திலிருந்து வந்தவனின் தடம். காயம் வாசலை அடைத்தது. திறந்தது இந்தக் கைகள்.

இது எங்கள் எழுத்துக்கும் வந்து நிற்கிற கேள்வி. ஒரு கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "உங்களுக்கெல்லாம் வலி இருக்கு, அதனால எழுத்து வருது. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே." கிண்டலில்லை, மனசாரச் சொன்னார். கொடுப்பினை என்றே சொன்னார். எனக்கு அப்போது பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். எங்க தெருவில் வலி எல்லார் வீட்டிலும் இருந்தது சார். எழுத்து வந்தது இரண்டொரு வீட்டில்தான். அந்த வீடுகளில் விளக்கு இருந்தது. படிக்கட்டும் என்று பையனை வேலைக்கு அனுப்பாமல் வைத்திருந்த ஒரு அம்மா இருந்தாள். புத்தகம் கொடுத்து, திருப்பிக் கேட்காத ஒரு வாத்தியார் இருந்தார். வலியைக் கொடுப்பினை என்று நீங்கள் சொல்லும்போது, அந்த அம்மாவையும் வாத்தியாரையும் தள்ளிவிட்டு, அடித்தவனைக் கொண்டுபோய் அவர்கள் இடத்தில் உட்காரவைக்கிறீர்கள்.

ஒரு மறுப்பு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. காயம்பட்டவரே, 'எனக்கு அது நல்லதாப் போச்சு' என்று சொன்னால்? சொல்லட்டும். தன் காயத்துக்குத் தான் என்ன பெயர் வைப்பது என்பது அவரவர் உரிமை. ராத்திரி தூங்க வேண்டுமே, அதற்காகவும் சொல்லலாம். அது அவர் தன் வாழ்க்கையைத் தானே தூக்கி நிறுத்துகிற வேலை. அதே வாசகத்தைப் பக்கத்தில் நிற்கிறவன் சொன்னால் அர்த்தம் மாறிவிடும். பட்டறை முதலாளி சொன்னால் இன்னும் மாறும். விடுதி அறையில் விரல் பத்தும் இருக்கிற நாங்கள் சொன்னபோது, அடுத்தவன் கையை வைத்து எங்கள் சந்தோஷத்துக்குக் கணக்குத் தீர்த்துக்கொண்டோம்.

இன்னொரு கேள்வியை நானே எனக்குப் போட்டுக்கொண்டேன். அந்த இரண்டு விரல் நுனியையும் திருப்பிக் கொடுக்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் அந்த ஆல்பங்கள் எதுவும் இருக்காது என்றால் என்ன சொல்வாய்? ரொம்ப நேரம் பதில் வரவில்லை. அந்த இசை என்னோடு 30 வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. அப்பா செத்த ராத்திரி அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனாலும் பதில் ஒன்றுதான். விரலைக் கொடுத்துவிட வேண்டும். 17 வயதுப் பையனிடம் போய், உன் கையைக் கொடு, எங்களுக்குப் பின்னால் கேட்க நல்ல பாட்டு வேண்டும் என்று எவனும் கேட்க முடியாது. முன்னால் கேட்க முடியாத ஒன்றை நடந்து முடிந்த பின்னால் நன்றி என்ற பெயரில் வாங்கிக்கொள்ளவும் கூடாது. இசைக்காகச் சந்தோஷப்படலாம். காயம் நடந்திருக்கக் கூடாது என்றும் நினைக்கலாம். இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரே விடையாக்க வேண்டிய கட்டாயம் எங்கே இருக்கிறது? கூட்டிக் கழிக்கச் சொல்வது கணக்குப்பிள்ளை புத்தி.

போன வருஷம், 2025 ஆகஸ்டில், அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். விபத்துக்குப் பிறகு ஒரு குடோனில் வாட்ச்மேனாகவே காலம் ஓட்டியவன், இப்போது வேலைக்குப் போவதில்லை. போனில் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கதையையும் சொன்னேன். கடைசி நாள், அம்மா பேச்சு, வராத ஆள், பிளாஸ்டிக் பாட்டில், தோல் துண்டு எல்லாம். மிச்சமிருக்கிற விரல்களால் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டான். பாட்டிலை உருக்கினது அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "கெட்டிக்காரன்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "பிரஸ்ஸு ஆளு வரலன்னா மெஷின நிறுத்தி வெக்கணும். பழகாத பையன கொண்டாந்து அதுல நிறுத்துனது யாரு?" என்றான்.

இத்தனை வருஷமாக அயோமியைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். விதி, அதிசயம், வரம் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருந்து நான் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. விடுதி அறையில் சிரித்தவன்தானே.

"சரி, இன்னொரு தரம் போடு" என்றான் அண்ணன்.